இடப்பக்கத்தில் தொடங்கும் பாட்டுகள்

முப்பத்து நான்கு வருடம் அரசாங்க அலுவலகத்தில் விதிகள் எழுதும் பிரிவில் இருந்தேன். விடுப்பு விதி, நாற்காலி வாங்கும் விதி, வாங்கிய நாற்காலி உடைந்தால் அது தானாகத்தான் உடைந்தது என்று யார் சான்றளிப்பது என்ற விதி, எல்லாம் என் கையால் வரைவு கண்டவை. ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்த பிறகு எழுதுவதற்கு விதி எதுவும் கிடைக்கவில்லை. வீட்டில் அந்த அதிகாரம் வேறிடத்தில் இருக்கிறது. ஆகவே, ஒரு புத்தகத்தின் பக்கங்களுக்கு விதி எழுத வேண்டும் என்று மருமகள் சொன்னபோது நான் யோசிக்க அவகாசம் கேட்கவில்லை.

புத்தகம் அத்தானுடையது. என் அக்காவின் கணவர். சுசீந்திரம் பக்கம் வயல் வைத்திருக்கிறார். வயலுக்குத் தண்ணீர் பாய்கிற நேரத்தில் வரப்பில் நின்றுகொண்டு கீர்த்தனை எழுதுவார். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு, அடக்கத்துக்கு, அறுப்புக்கு, ஆலயத்துக்கு வெள்ளையடித்ததற்கு என்று எதற்கும் அவரிடம் பாட்டு உண்டு. பாட்டுகள் நிறைய, மெட்டு மூன்று. அந்த மூன்றில் ஒன்றின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். பாதிக்கு மேற்பட்ட பாட்டுகள் அதில்தான் ஓடும்.

அவர் பாட்டுகளைத் தம் கையெழுத்தில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் பின் அடித்துப் பாடகர் குழுவுக்குக் கொடுத்திருந்தார். எழுதிய தேதிப்படி அடுக்கியிருந்ததால் கல்யாணப் பாட்டுக்கு அடுத்தாற்போல அடக்கப் பாட்டு வரும். வருடக்கணக்காக இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் குழு அவருடைய பாட்டைப் பாடியது. இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில் பக்கம் திருப்ப வேண்டும். ஈரக்காற்றில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து திரும்பிவிட்டது. மெட்டு ஒன்றே என்பதால் தாளம் தட்டவில்லை, சுருதி விலகவில்லை. மணமக்கள் கைகோத்து நிற்க, இருபது பேர் சேர்ந்து, கண்ணை மூடிக் குழிக்குள் இறங்குகிற சகோதரனை வழியனுப்பும் மூன்றாம் சரணத்தை மனமுருகிப் பாடினார்கள். பெண்ணின் தகப்பனார் எழுந்து நின்ற பிறகுதான் என்ன பாடுகிறோம் என்று அவர்களுக்கே தெரிந்தது.

அதன்பின் அத்தான் பாட்டைச் சபையில் யாரும் பாடவில்லை. தடை உத்தரவு எதுவும் போடப்படவில்லை. எடுக்கவில்லை, அவ்வளவுதான். எந்த அலுவலகத்திலும் ஒரு கோப்பைக் கொல்லும் முறை அதுதான். அத்தான் வெளியே ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாட்டு எண்களை அறிவிக்கும்போது தலையைச் சற்றே சாய்த்துக் கேட்பார். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அக்காவிடம் பேச மாட்டார்.

"ஞாயித்துக்கெழமைதோறும் எனக்கு மௌன விரதமாக்கும். ஏலே தம்பி, நீ பெரிய ஆபீசர்லா, இதுக்கு ஒரு வழி சொல்லு," என்று அக்கா என்னிடம் வந்தாள்.

நான் பாடகர் குழுத் தலைவியைப் போய்ப் பார்த்தேன். வங்கியில் வேலை பார்க்கும் பெண். குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பதும் அவள்தான். எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது தெரு. சாயா கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"அங்கிள், ஒங்க அத்தானுக்க பாட்டுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. ரெண்டும் கீபோர்டுல இருக்கும். பக்கத்த எந்தக் கையால திருப்ப? ஒரு பாட்டு தொடங்கினா முடியது வரைக்கும் ரெண்டு பக்கமும் எனக்கு முன்னால விரிஞ்சு கெடக்கணும். கல்யாணம் தனியா, அடக்கம் தனியா இருக்கணும். அப்பிடி ஒரு புக் கொண்டாங்க. இந்த அசனப் பண்டிகைக்கே பாடுகோம்."

எப்போதைக்குள் வேண்டும் என்றேன். சபையார் எல்லாரும் ஆராதனைக்குப் பின் ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அந்தப் பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை பயிற்சி. அன்று புத்தகம் கையில் இல்லையென்றால் இந்த வருடமும் பழைய பாட்டுதான் என்றாள். நிபந்தனை, காலக்கெடு, தவறினால் விளைவு, மூன்றும் ஒரே மூச்சில் வந்தன. என் பிரிவில் இவள் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அத்தானிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் உள்ளே போய் ஏழு நோட்டுப் புத்தகங்களை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

என் மருமகள் திருவனந்தபுரத்தில் ஒரு நிறுவனத்துக்காக இயந்திரங்களின் கையேடுகளைத் தயாரிக்கிறாள். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அவள் தொழிலில் பக்கங்களை யாரும் கையால் அடுக்குவதில்லை. எழுத்தெல்லாம் ஒரு கோப்பில் இருக்கும். எந்தப் பக்கம் எப்படி அமைய வேண்டும் என்ற விதிகள் இன்னொரு கோப்பில் இருக்கும். இரண்டையும் கணினியிடம் கொடுத்தால் அது விதிப்படி பக்கம் பிரித்து அடுக்கித் தரும். அந்த விதிகளை எழுதவென்றே ஒரு மொழி இருக்கிறது. பாட்டுகளைத் தட்டச்சு செய்யும் வேலையை அவள் ஏற்றுக்கொண்டாள். இரண்டு பக்கப் பாட்டுகளை எல்லாம் இரட்டை எண் பக்கத்தில், அதாவது விரித்துவைத்த புத்தகத்தின் இடது புறத்தில், தொடங்கும்படி ஒரு வரியில் கட்டளை போட்டுவிட்டாள். அப்படித் தொடங்க வழியில்லாத இடத்தில் கணினி தானே ஒரு வெற்றுப் பக்கத்தை நடுவில் சொருகிக்கொள்ளும்.

"பக்க வரிசை விதி மட்டும் மிச்சம் மாமா. அது ஒங்க சப்ஜெக்ட்டுல்லா, நீங்களே எழுதுங்க," என்றாள். சொல்லும்போது சிரித்தாளா என்று அன்று கவனிக்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் பக்க மாதிரிகளை வரையறுக்க வேண்டும். பிரிவின் தலைப்புப் பக்கத்துக்கு ஒரு மாதிரி. இடப்பக்கத்துக்கு எண் இடது ஓரத்தில். வலப்பக்கத்துக்கு எண் வலது ஓரத்தில். வெற்றுப் பக்கத்தில் எண்ணும் இல்லை, தலைப்பும் இல்லை. பிறகு, எந்தச் சூழ்நிலையில் எந்த மாதிரி என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதைத்தானே நான் வாழ்நாள் முழுக்கச் செய்தேன்.

முறைப்படி வரைவு எழுதினேன். எந்த விதியும் பொதுவில் தொடங்கி விலக்கில் முடிய வேண்டும் என்பது எங்கள் மரபு. எல்லாப் பணியாளர்களுக்கும் இது பொருந்தும் என்று முதலில் சொல்லிவிட்டு, எனினும் இன்னாருக்குப் பொருந்தாது என்று கீழே வரம்புரை சேர்ப்போம். அதற்கும் கீழே, மேற்படி வரம்புரையில் கண்டது எதுவாயினும் என்று இன்னொன்று. அதே மாதிரி, எல்லாப் பக்கங்களும் பொதுப் பக்க மாதிரியில் அமையும் என்று முதல் வரியில் எழுதினேன். கீழே, எனினும் தலைப்புப் பக்கமாயின் இவ்வாறு, எனினும் இடப்பக்கமாயின் இவ்வாறு, எனினும் வெற்றுப் பக்கமாயின் இவ்வாறு. மருமகள் கொடுத்திருந்த மாதிரிக் கோப்பைப் பார்த்து, அந்த மொழியின் கோண அடைப்புகளுக்குள் ஒவ்வொன்றாக ஏற்றினேன். கணினி ஒரு ஆட்சேபணையும் தெரிவிக்காமல் நூற்றுச் சொச்சம் பக்கத்தைத் தள்ளியது. மருமகள் மாடியில் அலுவலகக் கூட்டத்தில் இருந்தாள். அவள் வரும்வரை பொறுக்காமல் அச்செடுத்துக்கொண்டு இரண்டாவது தெருவுக்குப் போனேன்.

பாடகர் குழுத் தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினாள். நடுவில் ஓரிடத்தில் நின்றாள். இன்னும் நாலு பக்கம் தள்ளி மறுபடியும் நின்றாள்.

"அங்கிள், இதுல பாட்டு எங்க?"

மேலே 'அறுப்புப் பாட்டுகள்' என்று தலைப்பு இருந்தது. கீழே பக்க எண் இருந்தது. நடுவில் வெள்ளையாக இருந்தது.

"இப்பிடிப் பதினோரு பக்கம் இருக்கு. தலைப்பு இருக்கு, நம்பர் இருக்கு, பாட்ட மட்டும் காணல்ல. எடது பக்கத்தில நம்பர் உள்பக்கம் கெடக்கு, தச்சா தையலுக்குள்ள போயிரும். பிள்ளைய கையில இதக் குடுத்தா, பாட்டு விட்டுப்போச்சுண்ணு எல்லாரும் அடுத்த பக்கத்துக்குத் தாவும். பின்ன கல்யாண வீட்டுல நடந்ததுதான் இங்கயும் நடக்கும்."

"இது வரைவுதான் மக்களே," என்றேன், மகளிடம் சொல்வதுபோல.

"வெள்ளிக்கெழமைக்கு இன்னும் ஒம்பது நாளுதான் உண்டு அங்கிள்," என்று தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

அத்தான் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் மருமகள் இறங்கி வந்து நான் எழுதியதைத் திரையில் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"மாமா, இது மேலேருந்து வாசிச்சிட்டு வரும். ஒவ்வொரு பக்கத்துக்கும், மொதல்ல எது பொருந்துதோ அத எடுத்துக்கிட்டு அங்கேயே நின்னிரும். நீங்க மொத வரியிலயே எல்லாத்துக்கும் இதுதான்னு எழுதிப்போட்டிய. பின்ன அது எதுக்குக் கீழ எறங்கி வரணும்?"

"கீழ வரம்புரை இருக்குல்லா?"

"இருக்கு. அத ஆரு வாசிக்கது?"

"எந்த விதியையும் முழுசா வாசிச்ச பிறகுதான் அமல்படுத்தணும்."

"ஒங்க ஆபீசில அப்பிடித்தான் வாசிச்சாங்களா மாமா?"

எங்கள் அலுவலகத்தில் வரம்புரை வரைக்கும் வாசித்தவர்கள் இரண்டே பேர். அதை எழுதியவர் ஒருவர், அதனால் பதவி உயர்வு கிடைக்காமல் போனவர் மற்றொருவர்.

மறுநாள் அதிகாலையில் எழுந்து விதிகளைத் தலைகீழாக அடுக்கினேன். முதலில் தலைப்புப் பக்கம், பிறகு இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், பிறகு வெற்றுப் பக்கம். பொது விதியைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தேன். துறைத் தலைவரை வாசலில் நிறுத்திவிட்டு மனுதாரரை உள்ளே அழைக்கிற மாதிரி இருந்தது. இந்தத் தடவை அச்செடுத்ததில் எண்கள் ஓரத்துக்கு வந்திருந்தன. தலைப்புப் பக்கங்கள் சுத்தமாக இருந்தன. பதினோரு வெற்றுப் பக்கமும் பழையபடி தலைப்போடும் எண்ணோடும் இளித்துக்கொண்டிருந்தன.

மருமகள் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து சொன்னாள்.

"வெத்துப் பக்கமும் ஒண்ணு எடதா இருக்கும், இல்ல வலதா இருக்கும். நீங்க எடது வலத மொதல்லயே வெச்சிட்டிய. அது அங்கேயே பொருந்திப் போச்சு. எது அபூர்வமா வருமோ அது மேல இருக்கணும் மாமா. எது எப்பவும் வருமோ அது கீழ."

வெற்றுப் பக்கத்தைத் தூக்கி உச்சியில் வைத்தேன். சரியாக வந்தது. முப்பத்து நான்கு வருடமாக அரசாங்கத்துக்கு விதிகளைத் தலைகீழாக எழுதிக் கொடுத்துவிட்டேனோ என்ற ஐயம் அன்று மத்தியானம் முழுக்க இருந்தது. தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டது.

பக்கங்களைக் காட்ட அத்தானையும் அக்காவையும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவர் பாட்டுகளைப் பார்க்கவில்லை. வெற்றுப் பக்கங்களை எண்ணினார்.

"மச்சினா, எனக்க புக்கில பதினோரு பக்கம் வெறுமையா?"

"பாட்டு எடது பக்கத்தில தொடங்கணும்னா அது வேணும் அத்தான்."

"பாக்கிறவன் என்ன சொல்லுவான்? இவனுக்குச் சரக்கு தீந்து போச்சுண்ணு சொல்ல மாட்டானா?"

"தீரட்டுமே. ஒரு நாளாவது தீரட்டும்," என்றாள் அக்கா அடுக்களையிலிருந்து.

வெள்ளிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. அத்தான் இரண்டு நாளில் மூன்று புதுப் பாட்டுகளோடு வந்து நின்றார். இரண்டு, ஒரு பக்கத்தில் அடங்கும். மூன்றாவது மழையைப் பற்றியது, ஏழு சரணம். வெளியே பெய்த மழையே அவ்வளவு நீளம் இல்லை. வெற்றிடத்தை நிரப்பத்தான் எழுதினார் என்றாலும், வெற்றிடத்தில் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு பாட்டையும் கருத்துக்குப் பொருத்தமான பாட்டை ஒட்டித்தான் வைக்க வேண்டும் என்றார். அப்படியே வைத்தோம். ஒரு பக்கப் பாட்டு ஒன்று புதிதாக நுழைந்ததும், அதற்குப் பின்னால் இருந்த இரண்டு பக்கப் பாட்டு வலப்பக்கத்துக்குத் தள்ளப்பட்டது. அதை மறுபடியும் இடதுக்குக் கொண்டுவரக் கணினி ஒரு வெற்றுப் பக்கத்தைச் சொருகியது. இரண்டு இடத்தில் இது நடந்தது. மருமகள் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இப்ப பதிமூணு."

"கூடிச்சா?" என்றார் அத்தான்.

"நீங்க எழுத எழுதக் கூடும் பெரிய மாமா."

அத்தான் திரைக்கு அருகில் குனிந்தார். "அப்போ இன்னும் ரெண்டு எழுதினா?" என்றார்.

அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். "எழுதுங்க. நல்லா எழுதுங்க. வெள்ளிக்கெழமை போயிரும், பண்டிகை போயிரும். அடுத்த வருசமும் நான் ஊமைகூடக் குடும்பம் நடத்துகேன்."

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார். "எங்க வேணும்னாலும் வையி," என்றார், யாரையும் பார்க்காமல்.

இரண்டு சின்னப் பாட்டுகளும் வெற்றுப் பக்கங்களுக்குப் போயின. ஏழு சரணத்துக்காரனை எங்கே வைப்பது என்பதுதான் பாக்கி. புத்தகத்தின் கடைசியில் பிற்சேர்க்கை என்று ஒரு பிரிவு வைக்கலாம் என்றேன். அத்தானுக்கு முகம் சுருங்கியது.

"பிற்சேர்க்கைண்ணா வாலுதானே?"

"அத்தான், அரசாங்க உத்தரவில மேல இருக்கது எல்லாம் வணக்கமும் பார்வை எண்ணும்தான். காரியமான விசயம் எல்லாம் பிற்சேர்க்கையிலதான் இருக்கும்."

அவர் நம்பினார். இந்த ஒன்றை நான் கேலிக்காகச் சொல்லவில்லை.

நாகர்கோவிலில் அச்சடித்து, கம்பிச்சுருள் போட்டு, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் புத்தகங்கள் வந்தன. ஐந்து மணிக்குப் பயிற்சி. நான் ஆலயத்தின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அத்தான் வரவில்லை, வயலில் வேலை இருக்கிறது என்று அக்காவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். மழை பெய்துகொண்டிருந்த அந்த நேரத்தில் வயலில் அவருக்கு என்ன வேலை என்று அக்காவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

குழுத் தலைவி புத்தகத்தைக் கீபோர்டின் மேல் விரித்து வைத்தாள். இடது பக்கத்தில் பல்லவியும் இரண்டு சரணமும், வலது பக்கத்தில் மீதி. இரண்டு கையும் கட்டையில் இருக்க, பாட்டு கடைசிவரை ஓடியது. முடித்ததும் இன்னொன்றை எடுத்தாள், பிறகு இன்னொன்று. வெற்றுப் பக்கம் வந்தபோது நின்று, என் பக்கம் திரும்பினாள்.

"இது வேணும்ணே விட்டதா அங்கிள்?"

"ஆமா மக்களே. அதுக்குத்தான் முதல் விதி."

"ம்," என்றாள். முதலில் பாடிய அறுப்புப் பாட்டை அசனத்துக்கு மூன்றாவது பாட்டாக வைத்துக்கொள்ளலாம் என்று குழுவிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வெள்ளை வேட்டியில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் புத்தகம் மூடியபடி இருந்தது. எண் அறிவிக்கப்பட்டதும் தலையைச் சாய்த்தார். குழு எழுந்தது. அறுப்புக்காக எந்தக் காலத்திலோ அவர் எழுதிய பாட்டு அது. பல்லவியிலேயே அவர் சேர்ந்துகொண்டார், கண்ணை மூடி, உரக்க. இரண்டாவது சரணம் முடிந்தது. அந்த இடத்தில், பழைய ஜெராக்ஸில், பக்கம் திருப்ப வேண்டும். அவர் பாட்டைப் பாடிய காலமெல்லாம் குழு அங்கே ஒரு கணம் நிற்கும், தாள் சரசரக்கும், பிறகு தொடரும். அத்தான் நின்றார். குழுவுக்குத் திருப்ப வேண்டிய பக்கம் இல்லை. அது போய்க்கொண்டே இருந்தது.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மூன்றாம் சரணத்தின் முதல் அடியைத் தொடங்கியபோது குழு இரண்டாம் அடியில் இருந்தது. அவருக்குத் தெரியவில்லை. சபையே கேட்கும்படி, ஓர் அடி பின்னால், தனியாகப் போய்க்கொண்டிருந்தார். அக்கா அவர் முழங்கையில் இடித்தாள். அவர் கையை விலக்கிக்கொண்டார். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். மருமகள் என் காதில், "மாமா, இதுக்கு ஒரு விதி போட்டிருக்கலாம்," என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழுத் தலைவி கீபோர்டிலிருந்து நிமிர்ந்து மூன்றாவது பெஞ்சைப் பார்த்தாள். அடி முடிந்ததும் அடுத்ததுக்குப் போகவில்லை. விரலை எடுக்காமல் அந்த ஒரே சுரத்தில் நின்றாள். குழுவும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. கண் மூடியபடியே அத்தான் தம் அடியைப் பாடி முடித்து, அவர்கள் நிற்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவள் தலையை அசைத்தாள். எல்லாருமாக அடுத்த அடிக்குப் போனார்கள்.

ஆராதனை முடிந்து, அசனப் பந்திக்குப் போகும் நடையில் அத்தான் என்னைப் பிடித்துக்கொண்டார். மூக்கு சிவந்திருந்தது.

"மச்சினா, அந்தப் பிள்ள ரொம்ப ஓடுகா. ரெண்டாம் சரணம் கழிஞ்சா ஒரு மூச்சு விடணும். அத நீ புக்கில எழுதல்லியே."

"அடுத்த பதிப்பில பாப்போம் அத்தான்."

"அடுத்த பதிப்புக்கு எனக்க கையில பாட்டு இருக்கு, கேட்டியா," என்று தொடங்கினார். அதிலிருந்து பந்தி வரைக்கும் நிறுத்தவில்லை. பாட்டு எப்படி இருந்தது, குழுவில் யார் குரல் நன்றாக இருந்தது, யார் வாயை மட்டும் அசைத்தார்கள், எல்லாம் அக்காவிடம் சொல்லிக்கொண்டே நடந்தார். மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சேர்த்துப் பேசினார். அக்கா முதலில் சரி சரி என்று தலையாட்டினாள். இலை போட்டுச் சோறு விழுந்த பிறகும் அவர் பேசிக்கொண்டிருக்கவே, "வாயில சோத்த வைங்க, ஆறிப்போவுது," என்று அதட்டினாள்.